ஏசித் தண்ணீரில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

வளைகுடாவில் இரண்டடி மண் கிடைத்தால் போதும், நம் ஆட்கள் விவசாயியாகிவிடுவார்கள். ஊரில் துளசிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாதவர்கள் (நான்தான்) இங்கே வந்து கறிவேப்பிலைக் கன்றுக்குக் குடை பிடிப்பார்கள். நான் அதையும் தாண்டினேன். அஜ்மான் வெயிலில் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கக் கிளம்பினேன்.

அப்போது ஒரு பழைய வில்லாவின் கீழ்ப்பகுதியில் இருந்தோம். பின்பக்கம் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு மண் தரை. மாடியில் தூத்துக்குடி ஜெசிந்தா அக்கா குடும்பம். அக்காவின் ஜெபக்குழு, பெரியவர்களும் பிள்ளைகளுமாக, வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பிளாஸ்டிக் மரத்தைச் சுற்றி நின்றுதான் பாடும். பாதிக் கிளை காணாமல் போய், மீதி செல்லோடேப்பின் தயவில் நின்ற மரம். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அக்கா, இந்த வருசம் நிஜ மரம். என் பொறுப்பு. அந்தப் பிளாஸ்டிக்க யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றேன். அக்கா நம்பி, துபாய் அல் குசைஸில் ஒரு லேபர் கேம்ப்பில் தங்கியிருந்த பையன்களுக்குக் கொடுத்துவிட்டார். என் பேச்சை நம்பி ஒருவர் காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நர்சரியில் இடுப்பளவு கன்று மூன்று வாங்கி நட்டேன். கோடையில் இங்கே குழாயைத் திறந்தால் டீ போடுகிற சூட்டில் தண்ணீர் வரும். அதனால் எங்கள் வீட்டு ஏசி, மாடி வீட்டு ஏசி எல்லாவற்றின் தண்ணீர்க் குழாயையும் இழுத்துக்கட்டி மண்ணில் விட்டேன். சொட்டுநீர்ப் பாசனம்! "ஒரு சொட்டு குழாய்த் தண்ணி கிடையாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். இரண்டு கன்று செத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது புதுத் தளிர் விட்டது.

நவம்பர் கடைசியில் குளிர் வந்தது. ஊரே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தது. நாங்களும்தான். ஏசி நின்றால் தண்ணீரும் நிற்கும் என்ற சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது மரத்தின் அடிக்கிளைகள் பழுப்பாகியிருந்தன.

மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "ஏளா, பிள்ளைய எல்லாம் உம் மரத்தத்தான் கேக்குதுவ. கைவிட்றாத என்ன?"

அன்றே எல்லா அறையிலும் ஏசியைப் பதினாறில் வைத்தேன். என் கணவர் ஊட்டிக்கு வாங்கிய குரங்குக் குல்லாவைத் தேடி எடுத்தார். மகள் ஸ்கூல் ஸ்வெட்டரோடு தூங்கினாள். அப்படியும் குழாயில் சொட்டு வரவில்லை.

"காத்துல ஈரம் இருந்தாத்தான் ஏசி தண்ணி விடும். இப்பக் காத்து காஞ்சு கெடக்கு" என்றார் கணவர். (மெக்கானிக்கல் இன்ஜினியர். குல்லாவுக்குள்ளிருந்து சொன்னதால் எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை.)

ஈரம்தானே வேண்டும்? வீட்டில் இருந்த துண்டு, போர்வை, நைட்டி எல்லாவற்றையும் நனைத்து, ஹாலில் துணி காயப்போடும் ஸ்டாண்டில் தொங்கவிட்டேன். அடுப்பில் ரசப் பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் சொட்டு விழ ஆரம்பித்தது. "பாத்தீங்களா!" என்று குதித்தேன்.

கணவர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வெளியே மரத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தத் துண்ட நனைச்ச தண்ணி எங்கேர்ந்து புடிச்ச?"

"குழாயிலதான்."

"அத நேரா மரத்துல ஊத்தியிருக்கலாமே?"

மானம் என்று ஒன்று இருக்கிறதே. "ஏசித் தண்ணிக்கே பழகுன மரம். குழாய்த் தண்ணி ஒத்துக்காது" என்றேன். கல்யாணமாகி முதல்முறையாக அவர் நிற்க முடியாமல் உட்கார்ந்து சிரித்தார்.

ஜெபக்குழு எங்கள் வீட்டுக்குப் பாட வந்த சாயங்காலம் மரத்தைத் தோண்டித் தொட்டியில் வைத்து, "யல்லா, தூக்குங்க" என்றேன். தூக்கினார்கள். ஹாலுக்கு வந்து சேர்ந்தது ஒரு குச்சி. இலையெல்லாம் வழி நெடுக உதிர்ந்து கிடந்தது. பிள்ளைகள் கையில் நட்சத்திரத்தோடு குச்சியைப் பார்த்தார்கள். ஒரு வாண்டு உதட்டைப் பிதுக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்களிடம் இருந்த ஒரே மரத்தையும் நான்தானே பிடுங்கிக் கொடுத்தேன்.

ஜெசிந்தா அக்கா துணி ஸ்டாண்டை நிமிர்த்தி, மேலே ஒடுங்கக் கட்டி, என் பச்சைப் போர்வையைச் சுற்றினார். "ஈரமாக் கெடந்தா கெடக்கட்டும். கலர் லைட்டு மட்டும் வேண்டாம், ஷாக் அடிச்சிரும். நட்சத்திரத்தக் கட்டுங்கல!" என்றார். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு வந்தவருக்குத்தான் பரம சந்தோஷம். மற்ற வீடுகளில் பஞ்சுத் தாடிக்குள் வியர்த்து ஊற்றுமாம். ஏசி பதினாறில் ஓடும் எங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பவே மாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் குழு வேறு மரம் வாங்கவில்லை. வாங்கலாம் என்று நான் சொன்னாலும் பிள்ளைகள் விடுவதில்லை. டிசம்பர் பிறந்ததும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். என் துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்கிறது. ஸ்கூலில் கிறிஸ்துமஸ் மரம் வரையச் சொன்னபோது மகள் ஸ்டாண்டைத்தான் வரைந்தாள். உச்சியில் நட்சத்திரம், நடுவில் என் நைட்டி. டீச்சர் பத்து மார்க் போட்டு, "வித்தியாசமான மரம்" என்று எழுதி அனுப்பியிருந்தார். கணவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருக்கிறார்.