வெள்ளெழுத்தும் ஒரு கையெழுத்தும்

மூக்குக் கண்ணாடி என்ற ஒன்றை இந்த ஜென்மத்தில் போடுவதில்லை என்று சக்கரபாணி முடிவெடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்துநாலு. முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "ஏன், கண்ணுக்கு இன்னா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் ஐந்து வருஷமாக ஒளிந்துகொண்டிருந்தார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவர் டைம் கீப்பர். வருகிற வண்டியின் நம்பரைத் தூரத்திலேயே பார்க்க வேண்டும். பார்த்ததைக் கிட்டத்தில் இருக்கிற ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். தூரம் அவரைக் கைவிடவில்லை. கிட்டம்தான் கைவிட்டது. முதலில் ரிஜிஸ்தரை ஒரு சாண் தள்ளி வைத்தார். அப்புறம் ஒரு முழம். அதற்கப்புறம் கை எட்டவில்லை. கடவுள் தனக்குக் கையைக் குட்டையாக வைத்துவிட்டார் என்று குறைப்பட்டாரே தவிர, கண்ணைக் குற்றம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

காரணம் அவருடைய அப்பா விருத்தாசலம். அவர் ஐம்பதில் கண்ணாடி போட்டார். ஐம்பத்தாறில் இருட்டு. பிறகு ஒன்பது வருஷம் திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் சுவரோடு சுவராக உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "மணி இன்னா?" என்று கேட்டார். போக வேண்டிய இடம் எதுவும் இல்லாத மனுஷன். சக்கரபாணி பகலெல்லாம் பஸ்களுக்கு மணி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு மணி சொன்னார். முதலில் கண்ணாடி, பிறகு இருட்டு. அந்த வண்டியில் ஏறவே இல்லையென்றால் அந்த ஊருக்குப் போக வேண்டியதில்லையே! இது டைம் கீப்பரின் கணக்கு.

வீட்டில் சமாளிப்பது சுலபமாகத்தான் இருந்தது. மனைவி செண்பகம் ஓமந்தூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முந்நூறு பிள்ளைகளின் சாப்பாட்டைப் பார்க்கிறவளுக்குப் புருஷன் கண்ணைப் பார்க்க ஏது நேரம் என்று அவர் நினைத்தார்.

"ஏங்க, இந்த மாத்திரை அட்டையில தேதி போட்டிருக்கான். முடிஞ்சிபோச்சா பாருங்க."

வாங்கினார். நீட்டிப் பிடித்தார். வெளிச்சத்தில் பிடித்தார். எறும்பு ஊர்வது மாதிரி ஏதோ தெரிந்தது.

"இருக்கு இருக்கு. நெறைய நாள் இருக்கு."

"எந்த மாசம்?"

"எல்லா மாசமும்தான்."

செண்பகம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் தான் ஜெயித்துவிட்டதாக சக்கரபாணி நினைத்துக்கொள்வார். இருபத்துநாலு வருஷமாக இப்படித்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினாலு ஆவணி மாதத்தில்தான் குட்டு உடையப் பார்த்தது. ரிஜிஸ்தரில் ஒரு வரி மாறிவிட்டது. திருவெண்ணெய்நல்லூர் வண்டி இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதை முகையூர் வண்டிக்கு நேராக எழுதிவிட்டார். முகையூர் வண்டி டிரைவர் சவுரிராயனுக்கு மெமோ வந்தது. அவர் வந்து சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெமோவை மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பத்தொம்போது வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்லங்க. உங்க கையால வாங்கணும்னு இருந்திருக்கு."

சக்கரபாணி மேலதிகாரியிடம் போய்த் தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. நேராக ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனார்.

அங்கே கண் பரிசோதிக்கிற பெண்ணின் பெயர் புனிதா. எழுத்து அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். கடைசி நாலு வரியைச் சக்கரபாணி மனசாட்சியை விட்டுவிட்டுப் படித்தார். ஒன்றுகூடச் சரியில்லை.

"வெள்ளெழுத்து சார். நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான். கண்ணாடி போட்டுக்கலாம்."

தலையெழுத்து, மெமோ எழுத்து, இப்போது வெள்ளெழுத்து. "வெளிய தெரியாத மாதிரி ஏதாவது இருந்தா சொல்லும்மா."

"கண்ணுக்குள்ளயே வைக்கிற லென்ஸ் இருக்கு. மல்டிஃபோகல்னு பேரு. ஒரே லென்ஸ்ல வளையம் வளையமா தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் இருக்கும். எது வேணுமோ அதை மூளை எடுத்துக்கும். ஆனா மூளை பழகறதுக்குப் பத்து பதினஞ்சு நாளாவும்."

"என் மூளைக்கும் நாப்பத்தொம்போது வயசு ஆவுதேம்மா."

"பழகிடும் சார். வீட்ல யாருக்காவது கண்ணுல பிரஷர் இருந்துச்சா? அப்பா, அம்மா?"

"யாருக்கும் இல்ல." வண்டி நேரத்தைக்கூட அவர் அத்தனை வேகமாகச் சொன்னதில்லை.

புனிதா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். "எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு வாட்டி பிரஷர் பார்த்துடுங்க."

"பார்த்துட்டா போச்சு." பார்க்கிற உத்தேசம் துளியும் இல்லை.

அந்த லென்ஸைப் போடப் பழகுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. விரலைக் கொண்டுபோனால் இமை மூடியது. இமையைப் பிடித்தால் தலை பின்னால் போனது. தலையைப் பிடித்தால் நாற்காலியே பின்னால் போனது. கடைசியில் உள்ளே ஒட்டிக்கொண்டது. எதிரே சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ராகுகாலம் தெரிந்தது. சக்கரபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா, உறுத்தலா என்று அவருக்கே தெரியவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்வார். திண்டிவனம் வீட்டுக்குத் திரும்பியதும் குளியலறையில் கழற்றி, சவரப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைப்பார்.

"உள்ள இவ்ளோ நேரம் இன்னாங்க பண்றீங்க?"

"மொகம் கழுவறேன்."

"அரை மணி நேரமாவா? எத்தினி மொகம் இருக்கு உங்களுக்கு?"

ரிஜிஸ்தரில் வரி மாறவில்லை. எண்களைச் சுற்றி மட்டும் லேசாக ஒரு நிழல். அதுவும் நாளாக ஆகக் குறைந்தது. குறையாதது இன்னொன்று. சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில், விக்கிரவாண்டி தாண்டி இருட்டுகிற நேரத்தில், எதிரே வருகிற லாரிகளின் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். தெருவிளக்கைச் சுற்றி ஒரு வட்டம். டீக்கடை பல்பைச் சுற்றி ஒரு வட்டம்.

லென்ஸ் போட்டால் அப்படித்தான் தெரியும் என்று புனிதா சொல்லியிருந்தாள். ஆனால் அப்பாவும் அதையேதான் சொல்லியிருந்தார். "வெளக்கச் சுத்தி வட்டம் தெரியுதுடா, பாணி." அடுத்த வருஷம் விளக்கே தெரியவில்லை. புனிதா சொன்னது காதில் இருந்தது. அப்பா சொன்னது வயிற்றில் இருந்தது.

சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. லீவு நாளில், வரப்போவதற்கு இப்போதே பழகிக்கொள்ளலாம் என்று, கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தார். கூடத்திலிருந்து தண்ணீர்க் குடம் பதினொரு அடி. குடத்திலிருந்து வாசல் ஒன்பது அடி. ஏழாவது அடியில் செண்பகம்மேல் இடித்தார்.

"இன்னா பண்றீங்க?"

"வாக்கிங்."

"கண்ண மூடிக்கினா?"

"தூசி."

"வீட்டுக்குள்ளயா?"

அவர் கண்ணைத் திறந்து வாசலுக்குப் போனார். செண்பகமும் விட்டுவிட்டாள். ஜெயித்ததாக நினைக்கக்கூட அன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை.

இரண்டு நாள் கழித்து, கேப்பைக் களியைத் தட்டில் வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏங்க, எனக்கு கொஞ்ச நாளா வெளக்கச் சுத்தி வட்டம் தெரியுதுங்க."

சக்கரபாணியின் கை தட்டிலேயே நின்றது.

"எவ்ளோ நாளா?"

"அது இருக்கும் கொஞ்ச நாளு. பாண்டியில கண்ணாஸ்பத்திரிக்குப் போவணும். தனியா போவ பயமா இருக்கு. துணைக்கு வர்றீங்களா?"

தனக்கு இருட்டினால் இவள் கண் இருக்கிறது என்றுதான் அவர் மனசுக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தண்ணீர்க் குடத்துக்குப் பதினொரு அடி என்று எண்ணியபோதுகூட, குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறவள் அவள்தான். இப்போது ஒரே வீட்டில் இரண்டு சுவர்களில் இரண்டு பேர் சாய்ந்து உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் மணி கேட்டுக்கொள்ளும் காட்சி தெரிந்தது. அது மட்டும் லென்ஸ் இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது.

"நாளைக்கே போலாம்," என்றார். களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் லென்ஸை அவர் போடவில்லை. கண்ணாஸ்பத்திரியில் கண் தெரிந்தவர்கள் இருப்பார்களே, கண்டுபிடித்துவிட்டால்? முன்யோசனைக்காரர்.

"ஜல்தி வாங்க, பஸ்ஸு போயிடப் போவுது," என்று செண்பகம் முன்னால் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் செண்பகம் கவுன்டரில் நின்று ஒரு படிவத்தை நிரப்பினாள். கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"இன்னா இது?"

"படிச்சுப் பாருங்களேன்."

படிக்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா? சக்கரபாணி படிவத்தை வாங்கி, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக, தலையை இடமும் வலமும் ஆட்டி, படிக்கிற நேரம் எவ்வளவு ஆகுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி, மேலே போய்த் திரும்பவும் வந்தார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

துணைக்கு வந்தவர் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "சக்கரபாணி. வயசு நாப்பத்தொம்போது."

"நான் துணைக்கு வந்தவன்மா. பேஷன்ட் இவங்க."

நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள். "உங்க பேருதான் சார் போட்டிருக்கு. கையெழுத்தும் உங்களுது. அப்பாவுக்குக் கண்ணுல பிரஷர் இருந்து பார்வை போச்சுன்னு எழுதியிருக்கீங்க. லென்ஸ் போடற வழக்கம் உண்டா?"

"உண்டு," என்றாள் செண்பகம். "பதினாறு நாளா போடறாரு. இன்னிக்கிப் போடல."

சக்கரபாணி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எதிர்ச்சுவரில் தொங்கிய கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா செண்பகம் இது?"

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே கையெழுத்து போட்டீங்க?"

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சக்கரபாணி எழுந்து நர்ஸ் பின்னால் போனார்.

சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிவதற்காக வெளியே உட்காரவைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மங்கியது. எதிரே போகிறவர்கள் வெறும் நிறங்களாகப் போனார்கள். முதுகு சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மணி இன்னா?" என்றார்.

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று புரிந்தது. செண்பகம் அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமாவுக்கும் சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "கண்ணாடி போட்டதால கண்ணு போவல. மருந்து எரியுதுன்னு போடாம விட்டுட்டாரு. நாலு பாட்டில் தலையணை உறைக்குள்ள இருந்திச்சு, மூடிகூட திறக்கல. நான் எடுத்தப்போ கண்ணு முழுசா போயிட்டிருந்திச்சு. பாணிகிட்ட சொல்லாதம்மா, மனசு ஒடைஞ்சிடுவான்னு கைய புடிச்சுக் கேட்டாரு. சொல்லல. இன்னிக்கிதான் சொல்றேன்."

சக்கரபாணிக்குக் கண்ணில் வழிந்தது. மருந்துதான் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம். இடது கண்ணின் ஓரத்தில் கொஞ்சம் பார்வை போய்விட்டது. "அது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் படுக்கப் போறப்ப ஒரு சொட்டு. ஆயுசுக்கும். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் இவ்வளவு தைரியமாப் பேசியிருக்க மாட்டேன்."

"அந்த வட்டம், டாக்டர்?"

"அது லென்ஸால வர்றது. உங்க பிரஷருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா மல்டிஃபோகல் லென்ஸ் இனிமே வேணாம். இந்தக் கண்ணுக்கு வெளிச்சம் பத்தாது. கண்ணாடி எழுதித் தர்றேன்."

ஆக, எந்தக் கண்ணாடிக்குப் பயந்து இத்தனை செய்தாரோ அந்தக் கண்ணாடி வந்தேவிட்டது. வெயில் கூசக் கூடாது என்று அன்றைக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் சேர்த்து மாட்டிவிட்டார்கள். திண்டிவனம் பஸ்ஸில் ஏறியதும், "கண்ணு தெரியாத பெரியவரு, எடம் விடுங்கப்பா," என்று ஒருவர் எழுந்து நின்றார். சக்கரபாணி மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். செண்பகம் அவரை இழுத்து உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

கிளியனூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "லென்ஸு உனக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"மூணாம் நாளே தெரியும். குழாயடியில ஒண்ணு ஒட்டிக்கினு இருந்திச்சு. எடுத்து அதுக்கான தண்ணியில கழுவி உங்க டப்பாவுல நாந்தான் வச்சேன். நீங்க ஒண்ண மட்டும் டப்பாவுல போட்டுட்டு, இன்னொண்ணு காணோம்னுகூடத் தெரியாம படுத்துட்டீங்க."

அவர் அதை விழுங்கினார். விழுங்க இன்னும் ஒன்று பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது. எப்படியாவது ஒரு இடத்திலாவது அவளை மடக்கிவிட வேண்டும் என்றிருந்தது.

"எல்லாம் சரி. எனக்காகச் செஞ்சே, ஒத்துக்கறேன். ஆனா வெளக்கச் சுத்தி வட்டம் தெரியுதுன்னு பொய் சொல்லலாமா? ராத்திரியெல்லாம் நான் எப்பிடித் துடிச்சேன் தெரியுமா?"

"பொய் இன்னாத்துக்குச் சொல்றேன்? நெசமாவே தெரியுது. புனிதா அப்பவே சொல்லிச்சு, போட்டா அப்பிடித்தான் தெரியும்னு."

சக்கரபாணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மங்கலான கண்ணால் அவள் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நானும் அதைத்தாங்க போட்டுக்கினு இருக்கேன்," என்றாள் செண்பகம். "உங்களுக்குத்தான் தூரமும் தெரியல, கிட்டமும் தெரியல."