அழுகை நிற்காமல் வண்டி நிற்காது

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, புகுந்த வீட்டில் நிமிர்ந்து நின்ற மருமகள் எவளைக் கண்டாலும் அந்தக் காலத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: அவள் ரவுண்டு நைனாவின் வண்டியில் வந்து இறங்கியவள். குனிந்து நின்றவள் வேறு வண்டியில் வந்தவள். இது என் கண்டுபிடிப்பில்லை. ரயிலடியில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்தே சொல்வார்கள்.

நைனாவின் பிழைப்பு ஜட்கா. உள்ளே வைக்கோல், அதன்மேல் கோணி, இழுப்பதற்குச் சிங்காரி என்ற வெள்ளைக் குதிரை. வெள்ளை என்பது நைனாவின் வாக்கு. நாங்கள் பார்த்தவரை அது துறைமுகத்து நிலக்கரித் தூசி நிறம். கல்யாணப் பெண்ணை மோட்டாரில் அனுப்ப வசதியில்லாத எங்களைப் போன்ற வீடுகளுக்கெல்லாம் நைனாதான் கதி.

அவருக்கென்று ஒரே ஒரு சட்டம் இருந்தது. பெண் அழுதுகொண்டிருந்தால் மாமியார் வீட்டு வாசலில் வண்டி நிற்காது. அழுகை ஓயும்வரை அந்த வட்டாரத்தையே சுற்றிவரும். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் சரி, தெருவே கத்தினாலும் சரி.

"அழுத மூஞ்சியோட எறங்குனா, அதான் உன் மூஞ்சின்னு நென்ச்சிக்குவாங்கோ. அப்பால நீ சிரிச்சா, இவளுக்கு இன்னா திமிருன்னு கேப்பாங்கோ" என்பார்.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி அசராத அழுகைக்காரி. வண்டிக்குப் பின்னால் நாகசுரக்காரர் வாசித்துக்கொண்டே நடந்து வருகிறார். வண்டி சுற்றினால் அவரும் சுற்ற வேண்டும். சுற்றிச் சுற்றி மூச்சு முட்டிப்போய், விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "தாயே, எனக்காவது இரங்கி நிறுத்தும்மா!" என்று கும்பிட்டார். அதைப் பார்த்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த இடத்திலேயே நைனா வண்டியை மாமியார் வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்.

இன்னொருத்தி ஏறியதிலிருந்து ஒரு சொட்டுக்கூட விடவில்லை. நைனாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, பொறந்த வூட்ல உனக்கு ஒருத்தருமே இல்லியா? கொஞ்சம் அழுதுடு. மிச்சம் வெச்சிகினு உள்ள போவாத" என்று அவளை அழவைத்து, அப்புறம் சிரிக்கவைத்து, அதற்கென்று தனியாக ஒரு சுற்று சுற்றினார்.

சுற்றும்போது வாய் சும்மா இருக்குமா? புத்திமதி மழைதான்.

"மொத நாளே கொழம்பை ரொம்ப ருசியா வெச்சிடாதே. ஆயுசுக்கும் கரண்டி உன் கையிலதான்."

"மாமியா திட்டுனா ஒரு காதைக் குடு. ரெண்டையும் குடுத்துடாதே."

"மாமனாரைப் பாத்து, பேப்பர்ல இன்னா நூஸுன்னு தெனம் கேளு. அந்தாளை வூட்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல, பாவம்."

"ஒதைக்கிற குதிரைக்குப் பின்னாடி நிக்காதே. மின்னாடி போய் நின்னு மூஞ்சியைப் பாத்துப் பேசு."

கல்யாணமே கட்டாத ஆள் இவ்வளவும் பேசுகிறாரே என்று எங்கள் தெருப் பெண்ணொருத்தி ஒருநாள் மடக்கினாள். "உனக்கு இன்னா நைனா தெரியும் புருசன் வூட்டைப் பத்தி?"

"கொண்டாந்து வுட்டதுல பாதியை, வருசம் திரும்பறதுக்குள்ள ஆத்தா வூட்டுக்கு நான்தானே ஏத்திகினு வர்றேன்? போற மூஞ்சியும் பாத்துகீறேன், வர்ற மூஞ்சியும் பாத்துகீறேன். இத்த விட இன்னாம்மா படிப்பு வேணும்?" என்றார்.

இனி என் கதை. என் அப்பா தெற்கிலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். நான் பிறந்து வளர்ந்தது இராயபுரம். எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, இரவல் புத்தகங்களை வைத்து நானாகவே படித்துத் தேறி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை வேலை வாங்கியிருந்தேன். மாப்பிள்ளை வீடு திருவொற்றியூரில் பலசரக்குக் கடை, அவர்களும் தெற்கத்திக்காரர்கள்தான். பெண் பார்க்க வந்த அன்றே அத்தை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, "கடைக்காரன் பொண்டாட்டி வேலைக்குப் போனா ஊரு சிரிக்கும்லா?" என்று சொல்லிவிட்டுப் போனார். "முதல்ல போய்க் காலை ஊனு, அப்புறம் மெல்லக் கேட்டுக்கலாம்" என்பது என் அம்மாவின் யோசனை. காலை ஊன்றியபின் கேட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிந்து, நானும் அவரும் நைனா வண்டியில் ஏறினோம். தண்டையார்பேட்டை தாண்டும்போது என் முந்தானை நனைந்துவிட்டது.

"யாரை நென்ச்சிம்மா அழுவுறே? அம்மாவையா, அப்பாவையா?"

"ஒண்ணாம் கிளாஸை" என்றேன்.

நைனா லகானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீ இன்னா சொல்றே?"

"அம்மா வந்து..."

"அம்மா சொல்றது இருக்கட்டும்பா. நீ சொல்லு. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"போனா எனக்கும் சம்மதந்தான்" என்றார் அவர், வைக்கோலுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

நைனா என்னைப் பார்த்தார். "கேட்டுக்க. சொல்றதை எறங்கறதுக்கு மின்னாடி சொல்லிடு. எறங்கிட்டா நீ மருமவ. எறங்காத வரிக்கும் நீ என் சவாரி. என் சவாரியை ஒருத்தரும் அதட்ட முடியாது."

தெருமுனை வந்தது. கடையோடு சேர்ந்த வீட்டு வாசலில், முன்னாலேயே வந்துவிட்ட அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றார். தட்டை உயர்த்தினார். வண்டி அவரைத் தாண்டிப் போயே போய்விட்டது.

தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தோம். "எய்யா வண்டிக்காரா, வீடு இதுதாம்யா!" என்று கத்தினார் அத்தை.

"தெரியும் ஆயா! பொண்ணு இன்னும் தெளியல!"

அடுத்த சுற்றில் என் கண்ணீர் நின்றுவிட்டது. நைனா எட்டிப் பார்த்து, "கண்ணுல பைப்பு மூடிச்சி, வாய் இன்னும் தொறக்கலியே" என்று மறுபடியும் சிங்காரியைத் தட்டினார். கடைக்கு வந்தவர்கள் புளியும் வேண்டாம் மிளகாயும் வேண்டாம் என்று, வண்டி இப்போது எந்த முனையிலிருந்து வரும் என வாதாடத் தொடங்கிவிட்டார்கள். 'கேட்டே தீருவேன்' என்று எனக்குள் நானே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் அத்தை நடுத்தெருவுக்கே வந்து, தட்டோடு குறுக்கே நின்றார். சிங்காரி நின்றது. சுற்றிய களைப்பில் அதற்குத் தாகம். தட்டுக்குள் மூக்கை விட்டு ஆரத்தியை ஒரே இழுப்பாக உறிஞ்சிவிட்டுச் செக்கச்சிவந்த மூக்கோடு நிமிர்ந்தது.

"அட மூதேவி! ஏட்டி, ஆரத்தியை நான் மறுபடி கரைக்கணும். பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். இறங்கு முதல்ல!"

நான் இறங்கவில்லை. "அத்தை, நான் பள்ளிக்கூட வேலையை விட மாட்டேன். சரின்னு சொல்லுங்க, இறங்கறேன்."

கடைக்கு வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.

"என்னளா இது, வண்டியில இருந்துக்கிட்டு வழக்குப் பேசுதே?"

"இறங்கிட்டா எனக்குப் பேச வராது அத்தை."

அத்தை மகனைப் பார்த்தார். அவர் தொண்டையைக் கனைத்து, "போவட்டுமேம்மா" என்றார். இந்தத் தடவை குதிரைக்கே கேட்டது. கடைக்குள்ளிருந்து மாமனார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "பத்தரை ஆகப்போவுது!" என்று குரல் கொடுத்தார். அவர் யார் பக்கம் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரிட்டி, போ! வேலைக்குப் போ, எங்கன வேணும்னாலும் போ! வலது காலை வச்சு உள்ள வா முதல்ல!"

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ சாமியோவ்!" என்று கூவினார் நைனா.

ஆனால் விருந்தெல்லாம் முடிந்து, என் லீவும் முடிகிற சமயத்தில் அத்தை வேறு பேச்சுப் பேசினார். "நானா சொன்னேன்? ராகு காலம்லா சொல்ல வச்சுது. அவதிக்குச் சொன்ன சொல்லு எப்படிச் செல்லும்?" திங்கட்கிழமை காலையில் குளித்து, பருத்திச் சேலை உடுத்திக்கொண்டு தயாராக நின்றேன். வாசலில் குளம்புச் சத்தம் கேட்டது. நான் சொல்லி அனுப்பவே இல்லை.

"டீச்சரம்மா, வண்டி ரெடி!"

"இன்னைக்குத் திங்கக்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். ஒருத்தரும் படி இறங்கக் கூடாது" என்றார் அத்தை.

"அதான் ஆயா, ஏழுக்கே வந்துகினேன்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, "அப்படி என்னதான் பள்ளிக்கூடம், நானும் பாத்துப்புடுதேன்" என்று விறுவிறுவென்று வந்து எனக்கு முன்னால் வண்டியில் ஏறிவிட்டார்.

"இன்னும் மின்னால தள்ளிக் குந்து ஆயா. பின்பாரம் ஆனா குதிரை அந்தரத்துல தொங்கும்."

வழியெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டை. "கட்டியே வெச்ச குதிரை கட்டுத்தறியைத்தான் ஒதைக்கும் ஆயா" என்பார் அவர். "உம் வாய்க்கு லகான் போட ஒருத்தி வரலியே" என்பார் இவர். நடுவில் நான் வைக்கோலைப் போல உட்கார்ந்திருந்தேன்.

வகுப்புக்குள் அத்தை நுழைந்ததும் பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். மொத்த வகுப்பும் எழுந்து நின்று, ராகம் போட்டு, "வணக்கம் டீச்சர்!" என்றது. அத்தை திகைத்துப்போய், கையில் இருந்த வெற்றிலைப் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தன் வீட்டில் அவர் நுழைந்ததற்காக யாரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். "உக்காருங்க மக்கா, உக்காருங்க" என்றார். பிறகு பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதும் கேட்டார். நான் நாற்காலி கொண்டுவரப் போனபோதும் வேண்டாம் என்றார்.

வெளியே வந்தவர் நேராக வண்டியிடம் போனார். நான் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏ வண்டிக்காரா, இவ பஸ்ஸு ஏறிப் பழகுற வரைக்கும் தெனமும் சுணங்காம வந்துரு. புள்ளைக காத்துக் கெடக்கும்."

நைனா ஒரு பழமொழியாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார். வெயில்தான் என்று வைத்துக்கொண்டேன். அவரும் அப்படியே வைத்துக்கொள்ளட்டும் என்று, பார்க்காதவள் போல உள்ளே போய்விட்டேன்.