உறையாத தீர்த்தம்

தொண்ணூற்றெட்டு மார்கழி. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கடவுளே இறங்கிவிட்டார் என்று ஒரே பேச்சு. இறங்கினார்தான், பஸ்ஸிலிருந்து! உறைதீர்த்தச் சாமியாம். முட்டைகூடத் தொடாத சுத்த சைவமாம். கோயிலுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த காம்பரா அறையில் தங்கினார். கூட்டமோ கூட்டம்.

மஞ்சளும் பச்சைக் கற்பூரமும் மணக்கிற தீர்த்தம், வீட்டுக்கு ஒரு டம்ளர். ராத்திரி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வைக்க வேண்டும். விடிந்து பார்த்தால் உறைந்திருக்கிறதா? வீட்டில் செய்வினை. கழிக்க ஒரு சேவல். சைவச் சாமிக்குச் சேவல் எதற்கென்று கேட்க ஒரு வாய் இல்லை.

விடிந்தது. லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தீர்த்தம் உறைந்து கிடந்தது. கைமருந்துக்காரக் கிழவி பேச்சியம்மா வீட்டில் மட்டும் தண்ணீராகவே இருந்தது.

"அப்ப எல்லாருக்கும் செய்வினை வச்சவ இவதான்!" என்றார் சாமி.

தோட்டத் தலைவர் இராமையா தொண்டையைச் செருமினார். "இன்னைக்கே காம்பராவ காலி பண்ணிருங்க ஆத்தா."

"அடப்பாவிகளா, உங்க புள்ளைங்களுக்கு மருந்து அரைச்சுக் குடுத்த கையாச்சே!" என்று பேச்சியம்மா அழுதாள்.

மருமகள் பூரணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓ.எல். பரீட்சை வரை விஞ்ஞானம் படித்தவள்.

"அத்தைக்கு இளைப்பு, குளிருல வெளிய வரமாட்டாங்க. டம்ளர அடுப்புக்கிட்ட வச்சாங்க, அவ்வளவுதான். தலைவரே, உங்க டம்ளர எங்க அடுப்போரமா வைங்க. அத்தையோடத நான் சில்லுனு கொட்டுற பீலித் தண்ணிக்குள்ள வைக்கிறேன். பாத்துருவோம்!"

கூட்டம் ஆளுக்கு இரண்டு பிளேன்டீ குடித்தது. அதற்குள் தலைவர் வீட்டுச் செய்வினை இளகித் தண்ணீராகிவிட்டது. பேச்சியம்மாவின் தீர்த்தம் கட்டியாகிவிட்டது.

"எலும்பக் காய்ச்சினா அதுல உள்ள சத்து நூல்நூலா தண்ணியில எறங்கும். குளிர்ந்தா நூலெல்லாம் தானா கைகோத்து வலையாகி, தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். சூடுபட்டா கைய விட்டுரும். மிச்சம் வச்ச ஆட்டுக்கால் சூப்பு காலையில எப்புடி இருக்கும்? சட்டி கழுவுறவங்களுக்குத் தெரியாதா?" என்றாள் பூரணி.

"சிவசிவா! என் தீர்த்தத்துல எலும்பா?" சாமி காதைப் பொத்திக்கொண்டார்.

இளகிய தீர்த்தத்தை இராமையாவின் நாய் மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. நேரே சாமியின் காம்பராவுக்குள் ஓடியது. திரும்பி வரும்போது வாயில் வெந்த ஆட்டுக்கால்!

சாமி பஸ் ரோட்டைப் பார்த்து எடுத்த ஓட்டம் இருக்கிறதே, அதுதான் அவர் செய்த ஒரே அற்புதம்.

"மன்னிச்சுக்கங்க ஆத்தா," என்று தலைவர் கையைப் பிசைந்தார்.

"மன்னிப்பு கெடக்கட்டும். மொதல்ல அந்த நாய்க்குச் சோறு வை," என்றாள் பேச்சியம்மா.

சரியாகச் சொன்னாள். லயமே கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தீர்த்தத்தை, அது ஒன்றுதான் மோந்து பார்த்தது. மகாஜனங்களே, அடுத்த சாமி வரும்போது நாய் அளவுக்காவது யோசியுங்கள்!