ஒன்றரை இலை

"செத்திருச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்ல, யோசிச்சுட்டிருக்கு" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அவர் இழுத்தெடுத்த தொட்டியில் ஒரு குச்சியும் ஒன்றரை இலையும் இருந்தன. போன வருஷம் மாமனார் தன் கையால் நட்டுக் கொடுத்த செடி. "பத்திரமா வெச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளையும் பத்திரமாகத்தான் வைத்தார், யார் கண்ணிலும் படாத இடத்தில்.

மாமனார் வர மூன்று வாரம் இருந்தது. இரண்டே நாள் தங்கல் என்றிருந்தார். சென்ற முறையும் அதே இரண்டு நாள்தான். கடை கடையாகத் தராசு சோதித்து ஓய்வுபெற்ற மனிதர். கோளாறைக் கண்டால் கால் நகராது. சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்தவர், "இதைச் சரிபண்ணாம எப்படிப் போறது?" என்று நாற்பத்தோரு நாள் இருந்தார். இருந்த ஒரே படுக்கையறை அவருக்கு, சோபா மகளுக்கு. மாப்பிள்ளை அதே குழாயடியில் படுத்தார்.

"அப்பா இதைப் பார்த்தா, இது பூக்கற வரைக்கும் கிளம்ப மாட்டார்."

"இது பூக்கற செடியா?"

"இல்ல."

மாப்பிள்ளை குடத்தைத் தேடி ஓடினார்.

ஒரு குடம் தண்ணீரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். அரை இலை உதிர்ந்தது. வழிந்த தண்ணீர் பால்கனி வழியே கீழே இறங்க, கீழ்வீட்டு டீச்சர் மேலே ஏறினார்.

"செடிக்கு ஊத்துங்க சார், வேணாங்கல. என் போர்வை என்ன பாவம் பண்ணுச்சு?" திட்டி முடித்ததும் மனசு கேட்காமல், "வெயில்ல வைங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மொட்டை மாடி வெயிலில் மிச்ச இலையும் சருகாயிற்று.

"செடிகிட்ட அன்பாப் பேசணும்ணே" என்றான் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அன்று சாயங்காலமே மாப்பிள்ளை மொட்டை மாடியில் மண்டியிட்டார். "கண்ணு, ஒண்ணே ஒண்ணு குடும்மா. மாமாவுக்காக!"

துணி எடுக்க வந்த டீச்சர் காதில் இது விழுந்தது. இந்த முறை அவர் மனைவியைத் தேடி வந்தார். "வீட்டு விஷயத்துல தலையிடக் கூடாதுதான். ஆனா சார் மொட்டை மாடியில யாரையோ கெஞ்சிட்டிருக்கார்."

மனைவி துடைப்பத்தோடு படியேறினாள். குச்சியைப் பார்த்ததும் துடைப்பம் தாழ்ந்தது. "வேற ஒருத்தியா இருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்றாள்.

கடைசியில் மாப்பிள்ளை குச்சியோடு செடிக்கடைக்கே போனார்.

"இதே ஜாதியில ஒண்ணு கொடுங்க."

செடிக்கடைக்காரர் தளதளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்.

"இவ்வளவு நல்லா வேணாங்க. எங்க வீட்டுல ஒரு வருஷம் இருந்த மாதிரி தெரியணும்."

"முப்பது வருஷமா கடை போட்டிருக்கேன். சரக்கு மட்டமா வேணும்னு பேரம் பேசற முதல் ஆள் நீங்கதான்." சொல்லிக்கொண்டே குச்சியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. "இது சாகல சார். நீங்கதான் விடமாட்டேங்கறீங்க. நிழல்ல வெச்சுட்டுக் கையைக் கட்டிக்குங்க."

"அவ்வளவுதானா?"

"உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

கஷ்டம்தான். தொட்டியை நிழலில் வைத்திருந்த பால்கனிப் பக்கம் போகும்போதெல்லாம் மனைவி அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் இரண்டு தளிர் எட்டிப் பார்த்தன. பேரக்குழந்தை பிறந்ததுபோல மாப்பிள்ளை கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். டீச்சரே மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை மாமனார் வந்தார். கையில் ஒரே ஒரு பை. அதைப் பார்த்ததுமே மாப்பிள்ளைக்குப் பாதி உயிர் திரும்பியது.

மாமனார் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பால்கனிக்குப் போனார். தொட்டியைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். தளிரைத் தடவினார். கண் கலங்கிவிட்டது.

"உங்களை என்னவோன்னு நெனச்சுட்டேன் மாப்பிள்ளை. குறை சொல்ல ஒண்ணுமில்ல."

பிறகு போனை எடுத்து யாரிடமோ, "சரிப்பா" என்று ஒரே வார்த்தை சொன்னார்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இரண்டே நாள்!

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், மாடியேறிய மூச்சிரைப்போடு லாரி டிரைவர் நின்றிருந்தார்.

"சார், கட்டில் பீரோவோட தெருமுனையில காத்திருந்தேன். 'செடி செத்திருந்தா வண்டியைத் திருப்பு, அதுவே பிழைச்சிருந்தா நானும் அங்க பிழைச்சுக்குவேன்'னார் பெரியவர். எந்த ரூம்ல இறக்கட்டும்?"