பஞ்சாபில் எல்லை முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டி

சித்தூர்

குப்பத்தில் இருக்கும் அன்புள்ள மச்சான் மோகன்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் கங்கையா வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பொன்னியம்மாவும் நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அங்கு உங்களையும் உங்கள் மகள் சுமித்ராவையும் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். என் போனை நீங்கள் எடுப்பதில்லை. நியாயம்தான். மூன்று தடவை நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டவன் போனை நானாக இருந்தாலும் எடுக்க மாட்டேன்.

நான்காவது தடவையும் தள்ளிப்போடத்தான் இந்தக் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழியுங்கள். உங்கள் மருமகனாக வேண்டிய எங்கள் மகன் கிரண்குமார் டாக்டர் பட்டத்துக்காக ஆறே மாதம் என்று சொல்லிப் பஞ்சாப் போனான். அங்கே புவாத் என்று ஒரு பழைய நாடாம். எங்கேடா இருக்கிறது என்றால், அதைக் கண்டுபிடிக்கத்தான் வந்தேன் என்கிறான். சர்க்கார் மேப்பில் அதற்குக் கோடே இல்லையாம். சட்லெஜ் ஆற்றுக்கும் கக்கர் ஆற்றுக்கும் நடுவே எந்த ஊர்வரை ஜனங்கள் புவாதிப் பஞ்சாபி பேசுகிறார்களோ அதுவரை புவாத், அந்தப் பக்கம் மால்வா. சரி, நாலு ஊரில் பேச்சுக் கொடுத்துக் கோட்டைப் போட்டுவிட்டு வா என்றால், போட்ட கோடு நிற்க மாட்டேன் என்கிறது மச்சான். ஒரே வீட்டில் மாமனார் புவாதி பேசுகிறார், மால்வாவிலிருந்து வாழ வந்த மருமகள் அவள் ஊர்ப் பேச்சைப் பேசுகிறாள். “ஆம்பளைங்களை மட்டும் கேட்டுட்டு வந்துடுடா” என்றேன். “புள்ளைங்களுக்குப் பேச்சு கத்துக் குடுக்கறது அம்மாதானே நைனா? ஒவ்வொரு மருமகளையும் எந்த ஊரு, எப்படிப் பேசுவேன்னு கேட்டுக்கினு கீறேன்” என்கிறான். அங்கே ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இவன் கோடு நகர, இங்கே இவன் கல்யாணம் தள்ளிப்போகிறது.

போன மாதம் ஓர் ஊரில் மேப்பை விரித்து, உங்கள் எல்லை எங்கே முடிகிறது என்று கேட்டிருக்கிறான். ரோடு போட நிலம் பிடுங்க வந்த ஆபீசர் என்று மாட்டுக்கொட்டகையில் பூட்டிவிட்டார்கள். அப்புறம் இவன் பஞ்சாபியைக் கேட்டு, இவ்வளவு மோசமாகப் பேசுகிறவனுக்கு சர்க்கார் வேலை கிடைத்திருக்காது என்று திறந்துவிட்டு மோர் கொடுத்தார்களாம். பக்கத்து ஊர்த் தலைவர் தன் ஊரை மால்வாவில் எழுதச் சொல்லித் தினம் போன் செய்கிறார். அவர் மனைவி புவாத்தில்தான் எழுத வேண்டும் என்கிறாராம்.

பொன்னியம்மா அழுகிறாள். “இங்க தமிழு எங்க முடியுது, தெலுங்கு எங்க ஆரம்பிக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? அதுக்காவ எவன் சோறு துன்னாம கீறான்?” என்கிறாள். நம் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், இப்போது டீக்கடை பாபு, “இன்னா கங்கையா, எல்லை எதுவரைக்கும் வந்துக்கினு கீது?” என்று சிரிக்கிறான். மனசு விட்டுப்போச்சு மச்சான். சுமித்ரா இந்த வீட்டுக்கு வந்தால் போதும், வேறெதுவும் கேட்கவில்லை. தை மாதம் வரை பொறுங்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டில் ரோஜா அக்காவுக்கு என் வணக்கம். சுமித்ராவுக்கு எங்கள் ஆசி, இந்த வீட்டுக்கு வரப்போகும் மகள் என்ற உரிமையோடு.

இப்படிக்கு,
கங்கையா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது சுமித்ராவே போன் செய்தாள். பொன்னியம்மா ஸ்பீக்கரில் போட்டாள். “அத்தே, பஞ்சாப்ல கீற அத்தனை மருமகளையும் எந்த ஊரு, எப்படிப் பேசுவேன்னு கேட்டுக்கினு கீறாரு. போனதுலேர்ந்து என்னை ஒரு தபா கூட எப்படிக் கீறேன்னு கேக்கல. நான் காத்துக்கினு இருக்க மாட்டேன். நைனாகிட்ட சொல்லிட்டேன்” என்றாள். பொன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள். ஒட்டாத கவரிலிருந்து கடிதத்தை எடுத்து இதை எழுதுகிறேன். மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். பெண்ணுக்கு வேறு நல்ல இடம் பாருங்கள். கல்யாணத்துக்கு அத்தை மாமா என்று நாங்கள் இரண்டு பேரும் முதல் ஆளாக வந்து நிற்கிறோம்.