மஞ்சள் தண்ணீரில் நமுத்த பேய்

தாயில்பட்டிக்குக் கரண்டுக் கம்பம் வந்துவிட்டது. பகுத்தறிவு மட்டும் சாத்தூரிலேயே பஸ்ஸைத் தவறவிட்டு நின்றது. அதனால் செவ்வாய்தோறும் சங்கிலிமுத்துக் கோடாங்கியின் கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. பேயை வேப்பிலைப் பொட்டலத்தில் இறக்கிக் கல்லில் அடிப்பார். பொட்டலம் படாரென்று வெடிக்கும். திரி இல்லாமல், தீ இல்லாமல்! பகலெல்லாம் வெடிமருந்தில் கை கறுக்கிற ஜனம், அந்தச் சத்தத்துக்கு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. "பேய் கருகுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாள் முழுக்கக் கந்தக வாடையை இழுக்கிற மூக்குகள்தான் அவை. கொட்டகை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்தார்களோ என்னவோ.

வீரலட்சுமியையும் அங்கேதான் இழுத்து வந்தான் புருஷன் ஊர்க்காவலன், பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். முந்தின வருஷம் கம்பெனியில் ஓர் அறை தீப்பிடித்தது. இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெடி சுற்றிய முத்துமாரியம்மாள் கருகிச் செத்தாள். அன்றிலிருந்து தீக்குச்சி உரசினாலே இவளுக்கு உடம்பு உதறும். அடுப்புகூட மூட்ட முடியாது. முத்துமாரிதான் பேயாக வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றார் கோடாங்கி. காணிக்கை ஒரு கருப்புக் கோழி, புகை போட விருதுநகர் மிளகாய் வத்தல். கோழி யார் வீட்டில் குழம்பானது என்று எந்தப் பக்தனும் கேட்கவில்லை.

வாராவாரம் அவள் காதருகே பொட்டலம் வெடித்தது. அவள் அலறி விழுந்தாள். அலறினால் பேய் மிச்சம் இருக்கிறது. பேய் மிச்சம் இருந்தால் அடுத்த வாரமும் கோழி. என்ன அருமையான வைத்தியம், நோய்க்குத் தீனி போட்டு வளர்க்கிற வைத்தியம்! தீபாவளி சீசன் தொடங்குமுன் பேய் இறங்காவிட்டால் ஆத்தா வீட்டுக்கு மூட்டை கட்டவேண்டியதுதான் என்று ஊர்க்காவலன் சொல்லிவிட்டான். அவளுக்கு அதைவிட வலித்தது வேறொன்று. கஞ்சியைப் பங்கிட்டுக் குடித்த முத்துமாரியை, செத்த பிறகும் கல்லில் அடிக்கிறார்களே.

ஊருக்கு அம்மை குத்த வந்த நர்ஸ் ஜெபராணி, மதுரையில் மனநோய் பார்க்கும் டாக்டரிடம் வேலை பழகியவள். வீரலட்சுமியின் கதையைக் கேட்டாள். இது பேயில்லை, பயம். கொஞ்சங்கொஞ்சமாகப் பழக்கினால் அடங்கும் என்றாள். பேர்தான் ஜெபராணி, ஜெபம் பண்ணச் சொல்லவில்லை. காலித் தீப்பெட்டியைக் கையில் கொடுத்து, மூச்சை நிதானமாக விடச் சொன்னாள். படபடப்பு அடங்கியதும் குச்சியுள்ள பெட்டி. அதுவும் பழகியதும் தெருக்கோடியில் நின்று தானே ஒரு குச்சியை உரசிக் காட்டினாள். பிறகொரு நாள், தரையில் எறிந்தாலே வெடிக்கிற வெங்காய வெடி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஊறினது வெடிக்காது தாயி. பயம் வந்தா ஓடாத. அது என்னன்னு நின்னு பாரு."

வீரலட்சுமி பார்த்தாள். காகிதச் சுருள், உள்ளே நெருடும் சரளை. கீழே போடவில்லை.

ஊர்க்காவலனுக்கு இது வைத்தியமாகவே தெரியவில்லை. உடுக்கை இல்லை, புகை இல்லை, கோழியும் இல்லை. அப்புறம் எப்படிக் குணமாகும்? அடுத்த செவ்வாய் மறுபடியும் கொட்டகைக்கு இழுத்துப்போனான்.

கோடாங்கி உடுக்கை அடித்தார். வேப்பிலைப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து, பேய் கைவழியே இறங்கட்டும் என்றார். அவளுக்குப் பயம் வந்தது. ஓடவில்லை. விரல்கள் இலையை மெல்லத் தடவின. உள்ளே சரளை நெருடியது.

பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் அண்டா இருந்தது. பொட்டலத்தை அதற்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோடாங்கி உடுக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏ புள்ள, தீட்டாயிரும். குடு இங்கன."

"தாரேன் சாமி, நல்லா ஊறட்டும். முத்துமாரி பேயா இருந்தா ஈரத்துல நமுத்தா போவா?"

நமுத்துப்போவது எது என்று அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் இல்லை. எல்லாரும் அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். அவள் நீட்டிய பொட்டலத்தைக் கோடாங்கி வாங்கவே இல்லை. இன்று நாள் சரியில்லை என்று முனகினார். ஊர்க்காவலன்தான் அதைப் பிடுங்கிக் கல்லில் அடித்தான். சொத்தென்றது. இலை கிழிந்து ஈரக் காகிதமும் சரளையும் மருந்துக் கூழும் வழிந்தன. அவன் குனிந்து முகர்ந்தான்.

"ஏலே, இது நாம லோடு ஏத்துற வெங்காய வெடில்லா" என்றான்.

கோடாங்கி கொல்லைப்புறமாக ஓட்டம் பிடித்தார். கூட்டம் துரத்தியது, உண்மைக்காக அல்ல, கோழிக்காக.

வீட்டுக்கு வரும் வழியில், பேய் போய்விட்டதா என்று ஊர்க்காவலன் மெதுவாகக் கேட்டான்.

"இருந்தாத்தான போகும். முத்துமாரி பாவம், யாரையும் புடிக்கல. பயம் என்னுது, இன்னும் இருக்கு. நாளைக்கு நர்சம்மாகிட்ட போறேன். நீங்களும் வாங்க."

அவனும் போனான். சீசன் தொடங்கியபோது அவள் தன் அடுப்பைத் தானே மூட்டினாள்.

கோடாங்கி இப்போது நாரணாபுரத்தில் இருக்கிறாராம். அங்கே பேய் எலுமிச்சம்பழத்துக்குள் வெடிக்கிறதாம், கூட்டம் தாங்கவில்லையாம். லோடு ஏற்றுமுன் ஒரு வெடியைப் போட்டுச் சோதித்துப் பார்க்கிற பெருமக்களே, உங்கள் தலைக்குள் இறக்குகிற சரக்கை மட்டும் ஏன் சோதிப்பதே இல்லை?