காதுப் பரீட்சையில் காப்பி அடித்தேன்

நான் எந்தப் பரீட்சையிலும் காப்பி அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், பி.எட்.டில் எங்கேயும் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து, காப்பி அடித்த எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்து வெளியே நிறுத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஐம்பத்து மூன்றாவது வயதில், ஒரு அரசு ஆஸ்பத்திரியில், கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக் காப்பி அடித்தேன். அதுவும் எப்படிப்பட்ட பரீட்சை? ஃபெயில் ஆனால்தான் பாஸ் என்கிற பரீட்சை. (இந்த விதி எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது.)

எனக்குக் காது மந்தம். நாற்பது வயதுக்கு மேல் மெல்ல ஆரம்பித்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிக்கொண்டேன். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் உதடு படிக்க வரும். உதடு தெரியாத இடத்தில் ஒரு புன்னகை. புன்னகை போதாத இடத்தில் "கரெக்ட், கரெக்ட்." இவ்வளவுதான் என் முதலீடு. இதை வைத்து பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். பிரேசர் டவுனில் எங்கள் சர்ச்சில், அடுத்தவர் கஷ்டத்தை ரெஜினா மாதிரி பொறுமையாகக் கேட்க ஆள் கிடையாது என்று எனக்குப் பெயர். (பாதிச் சபையின் ரகசியங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. எனக்கே தெரியாத அளவுக்குப் பத்திரமாக.)

குட்டு உடைந்தது ஒன்பதாம் வகுப்பில். நான் போர்டில் தேற்றம் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து ஏதோ சொன்னாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பேசி முடித்துவிட்டாள். விடை சொல்லியிருப்பாள் என்று நினைத்து, "வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க" என்றேன். வகுப்பே தட்டியது. அவள் சொன்னது, "மிஸ், வாந்தி வருது, வெளிய போகட்டுமா?" கைத்தட்டல் ஓய்வதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

பிரின்சிபால் சிஸ்டர் என்னை உட்காரவைத்து, முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "ரெஜினா, காதுக்கு மெஷின் வெச்சுக்கோங்க. கவர்மென்ட் டிஸெபிலிட்டி சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. பேப்பர் கையில இருந்தா மேனேஜ்மென்ட் கிட்ட நான் சண்டை போடுவேன். இல்லன்னா ஜூன்லேர்ந்து நீங்க லைப்ரரி."

லைப்ரரி என்றால் யாரும் பேசவே கூடாத இடம். எனக்குப் பொருத்தமான இடம்தான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, அது விசில் அடித்ததா இல்லையா என்று தெரியாமல் அதன் எதிரிலேயே நின்று அழுதேன். கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகள் பிரிசில்லா, ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அரசாங்கம் எனக்கு என்னவெல்லாம் தரும் என்று பட்டியல் வாசித்தாள். முதலில் ஆன்லைனில் விண்ணப்பம். பிறகு ஆஸ்பத்திரியில் பரிசோதனை. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று எழுதிக் கொடுத்தால் ஒரு அடையாள அட்டை வரும். எல்லாச் சலுகைக்கும் அந்த அட்டைதான் சாவி.

"மாசாமாசம் பென்ஷன் உண்டும்மா. ஆனா குடும்ப வருமானம் ரொம்பக் கம்மியா இருக்கணும். நமக்குக் கிடைக்காது" என்றாள்.

அந்த உச்சவரம்பைக் கேட்டதும் என் கணவர் ஸ்டீபன், "வருஷம் பூரா இந்தக் காசுல பெங்களூர்ல குடும்பம் நடத்துறவனுக்கு பென்ஷன் எதுக்கு? நிதி மந்திரியாவே ஆக்கிடலாம்" என்றார். பென்ஷன் தொகையைக் கேட்டதும் காய்கறிப் பையைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறிக்கு அது கஷ்டப்பட்டு வரும்.

"இன்கம் டாக்ஸ்ல உன் வருமானத்துலேர்ந்து எழுபத்தஞ்சாயிரம் கழிச்சுக்கலாம். அது நல்லது. பஸ் பாஸ் சலுகை இருக்கு. அப்புறம் ரயில் டிக்கெட்..." பிரிசில்லா நிறுத்தினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ரயிலில் சலுகை வேண்டுமென்றால் காது கேட்காமல் இருந்தால் மட்டும் போதாது, வாயும் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்கு.

ஸ்டீபன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரயிலை விட்டுடு" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஆட்டோவில் என் பக்கம் திரும்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி, "ரெஜி, உள்ள போய் ஒழுங்கா கேக்காத" என்றார்.

"என்னங்க, என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் சொல்லாதன்னுதான் சொல்றேன்."

(இந்த வாக்கியத்தின் ஆழம் அப்போது எனக்குத் தெரியவில்லை.)

காது மூக்குத் தொண்டைப் பிரிவின் வெளியே பெஞ்சுகளில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலும் காது கேட்காதவர்கள். எங்களை எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? வாயால்! அட்டெண்டர் கதவைப் பாதி திறந்து, கையிலிருக்கும் காகிதத்தைப் பார்த்தபடியே பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். யாரும் எழுந்திருக்க மாட்டோம். அவர் திரும்பி வந்து, "கூப்பிட்டா வரக்கூடாதா?" என்று கன்னடத்தில் எரிந்து விழுவார். அதுவும் யாருக்கும் கேட்காது. கூட வந்தவர்கள்தான் எங்களைக் கிள்ளி எழுப்பினார்கள். என்னை ஸ்டீபன் கிள்ளியது பதினொன்றரை மணிக்கு.

உள்ளே ஒரு சின்ன அறை, டெலிபோன் பூத் மாதிரி. தலையில் ஹெட்போன் மாட்டிக் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும். சோதிக்கும் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கதவு மூடியது.

அமைதி. நான் காத்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் வலது தோள் லேசாக அசைந்தது. ஓஹோ, இப்போது ஒரு சத்தம் அனுப்பியிருக்கிறாள்!

என் கை தானாக அமுக்கியது. சத்தியமாக நான் யோசிக்கவில்லை. பத்து வருஷமாகக் கேட்காததைக் கேட்டதாகக் காட்டிய கை அது. அதோடு நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதல் ரேங்க். யாராவது எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், விடை தெரியாமல் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. தோள் அசைந்தது, அமுக்கினேன். அசைந்தது, அமுக்கினேன். அவள் முகத்தில் வியப்பு கூடிக்கொண்டே போனது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது நூற்றுக்கு நூறு வாங்கிய பெருமை எனக்கு.

ஸ்டீபன் கேட்டார், "எப்படி?"

"எல்லாத்தையும் சரியா பண்ணிட்டேன்."

அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கும் மெடிக்கல் போர்டு டாக்டர். கோலார் பக்கத்துக்காரர், தமிழ் பேசும் அம்மாள். முகத்தில் மாஸ்க். மாஸ்க் போட்டவர் முன்னால் நான் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரிதான். அவர் ஏதோ கேட்டார். பொதுவாக டாக்டர்கள் முதலில் வயதைத்தானே கேட்பார்கள்?

"ஐம்பத்து மூணு, மேடம்."

அவர் கண் விரிந்தது. மறுபடி எதையோ கேட்டார். சரி, இப்போது குடும்பம் என்று முடிவு செய்தேன். "ஒரே பொண்ணுதான் மேடம். எலெக்ட்ரானிக் சிட்டில இருக்கா."

(முதல் கேள்வி, எத்தனை வருஷமாகக் காது கேட்கவில்லை? இரண்டாவது, காதிலிருந்து எதுவும் வடிகிறதா? பின்னால் ஸ்டீபன் சொன்னார்.)

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இப்போது உதடு தெளிவாகத் தெரிந்தது. தெரியாமலேயே இருந்திருக்கலாம்.

"ஏம்மா, ரிப்போர்ட்ல உங்க காது என் காதை விட நல்லா இருக்கு. இங்க வந்து செவிடு மாதிரி நடிக்கிறீங்களா? சர்டிபிகேட்டுக்காக எவ்வளவு பேரு இப்படி வர்றாங்க தெரியுமா? டீச்சரா இருந்துகிட்டு வெக்கமா இல்ல?"

என் காது நுனிவரை சூடானது. பேச நாக்கு எழவில்லை. அந்த ஒரு நிமிஷம் ரயில் சலுகைக்குக்கூட நான் தகுதியானவள்தான். சுற்றியிருந்த நர்ஸ்கள், பின்னால் நின்ற நோயாளிகள், எல்லாரும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அப்போது ஸ்டீபன் முன்னால் வந்தார். ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் சாது மனிதர், குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. (கேட்டதுமில்லை.) "டாக்டர், மத்தவங்க கேக்கலன்னு நடிக்கிறாங்க. இவ கேக்குதுன்னு நடிக்கிறா! பத்து வருஷமா இதான் பண்றா! எனக்கே அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது!"

அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஐந்து வருஷமாகவா ஒவ்வொரு தடவையும் என் எதிரில் வந்து நின்று பேசியிருக்கிறார்? அது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் பாசம்தான்.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திரும்ப டெஸ்ட் பண்ணுங்க" என்று சொல்லி, விரலைச் சுழற்றிக் காட்டினார். நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்கிறார்.

இந்த முறை என் முகம் சுவரைப் பார்த்தபடி. தோளும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நியாயமாக நான் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் நான் கணக்கு டீச்சர். முதல் டெஸ்டில் சத்தங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று மனசு குறித்து வைத்திருந்தது. நாலு விநாடி, நாலு, ஆறு. பிறகு நாலு, நாலு, ஆறு. மனசுக்குள் எண்ணி, அழகாக அமுக்கிக்கொண்டே வந்தேன். பதினைந்து பதினாறு தடவை அமுக்கியிருப்பேன்.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. கதவு திறந்திருக்கிறது. அந்தப் பெண் சுற்றிவந்து என் எதிரில் நின்றாள். டாக்டரும் கூட. அவள் உதடு மெதுவாக அசைந்தது.

"மேடம், நானு இன்னூ ஷுருனே மாடில்ல."

நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, மேடம்.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், வழக்கம்போலப் புன்னகையில் ஆரம்பித்து. அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. டாக்டர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்: "இங்க யாரும் மார்க் போடல, டீச்சர்."

பிறகு வேறு ஒரு டெஸ்டுக்கு நாள் கொடுத்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டித் தூங்கச் சொல்லிவிடுவார்கள். மூளைக்குச் சத்தம் போகிறதா என்று இயந்திரமே பார்த்துக்கொள்ளும். பட்டன் கிடையாது. அந்த ஒரு பரீட்சையில்தான் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. குறட்டை விட்டேன் என்று பதிவாகியிருக்கலாம்.

முடிவு வந்தது. நாற்பத்தேழு சதவீதம். வாழ்க்கையில் நான் வாங்கியதிலேயே மிகக் குறைந்த மார்க். "ஐம்பதுகூட வரலையா?" என்று கேட்டுவிட்டேன். பிரிசில்லா, "ஜஸ்ட் பாஸ்மா. போதும்" என்று கட்டிக்கொண்டாள்.

அட்டை வந்தது. வரி குறைந்தது. பஸ் பாஸ் எடுத்தேன். மெஷின் மட்டும் சொந்தக் காசில் வாங்க வேண்டியதாயிற்று. இலவசமாகக் கொடுக்கும் திட்டத்திலும் வருமான வரம்பு. சிஸ்டர் பேப்பரைக் காட்டிச் சண்டை போட்டு ஜெயித்தார். ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் போனேன். உள்ளே நுழைந்ததும், "நான் கேட்கலன்னு சொன்னா திரும்பச் சொல்லணும்" என்பதை முதல் பாடமாக நடத்தினேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கன்னட வாக்கியம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. யாராவது முழுதாகக் கேட்காமல் பதில் சொன்னால் அதுதான் வரும். போன மாதம் பிரிசில்லாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க பொண்ணு..." என்று தொடங்கியதும், பதற்றத்தில் நான் "எங்களுக்கும் முழு சம்மதம்ங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கேட்க வந்தது, உங்கள் பெண் காபியில் சர்க்கரை போட்டாளா என்று.

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். சோபாவின் அந்தக் கோடியில், வாயைக் கையால் மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஸ்டீபன் முணுமுணுத்தார்: "இன்னூ ஷுருனே மாடில்ல."

உதடு தெரியவே இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது.